ஆரணித் தறிக்குழியும் நெசவாளர் இடுப்புவலியும்

1. பொருள்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில் நெய்யும் பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. சேலையைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நெய்கிறவரின் இடுப்பைப் பற்றி எழுதியது குறைவு. வலியின் காரணத்தை முதுகெலும்பில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி தறியிலும் கூலியிலும் இருக்கிறது.

2. தறியில் உட்காரும் முறை

குழித்தறியில் நெசவாளர் குழி விளிம்பிலுள்ள பலகையில் உட்கார்ந்து கால்களை உள்ளே விடுகிறார். முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. நெய்த துணி சுருளும் மரம் வயிற்றுக்கு எதிரே நிற்கிறது. ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்க, மறு கை அச்சை அடிக்க, கால் மிதியை அழுத்துகிறது. பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறியில், மேலே தொங்கும் நூல்கட்டும் எடைகளும் அந்த ஒரு மிதிக்கு எழும்பியாக வேண்டும். கால் அழுத்தும்போதெல்லாம் இடுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்து பாரம் தாங்குகிறது. பாவில் இழை அறுந்தாலோ இன்னும் சிரமம்: அத்தனை இழைகளுக்கு நடுவே அறுந்ததைத் தேடிப் பிணைத்து முடிக்கும்வரை குனிந்த முதுகு நிமிராது.

ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் முதுகெலும்பு வட்டுக்குள் (டிஸ்க்) ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அது அதிகம் என்றார். வில்கே குழுவினர் 1999இல் வெளியிட்ட அளவீடு இதை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் முன்னே குனிந்தால் அழுத்தம் கூடும் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. ஆகவே உட்காருவதைக் குற்றம் சொல்வதைவிட, குனிந்தபடி நெடுநேரம் அசையாதிருப்பதைக் கவனிப்பதே சரி.

3. வலியின் வகை

உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020இல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்தது. இடுப்புவலி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன கோளாறு என்று சுட்ட முடியாது. ஸ்கேனில் ‘டிஸ்க் தேய்ந்திருக்கு’ என்று வந்ததும் தறியையே விட்டுவிட நினைப்பவர்கள் உண்டு. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அந்தத் தேய்மானம் சர்வசாதாரணம்.

ஆனால் கால் பலமிழந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமற் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகுவலி என்றால் எலும்புக் காசநோயா என்று பார்த்தே தீர வேண்டும்.

4. பெல்ட்டும் படுக்கையும்

நாள்பட்ட இடுப்புவலிக்கு 2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகத் தரத்தக்கவை அல்ல என்கிறது. நாள்கணக்கில் படுத்தே கிடப்பதும் உதவாது.

5. தறியும் கூலியும்

மாமனார் உயரத்துக்கு வெட்டிய குழியில் மருமகள் நெய்கிறாள். கால் எட்டாமல் பலகை நுனிக்கு நகர்ந்து உட்காருகிறாள். பலகையின் உயரத்தை ஆளுக்கேற்ப மாற்றும்படி செய்வதற்குப் பெரிய செலவில்லை. மோட்டார் ஜக்கார்டு வைத்தால் மிதியின் பாரம் குறையும். கைத்தறிக் கருவிகளின் விலையில் 90 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. தேவையானவர் கேட்டு வாங்க வேண்டும்.

நாடாவில் நூல்தார் மாற்றும்போது எழுந்து நாலடி நடந்தால் நல்லது என்று எந்த மருத்துவரும் சொல்லிவிடுவார். ஆனால் கூலி சேலைக்குத்தான். நடக்கிற நேரத்துக்கு இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும், நூல் கொடுத்து நெய்யவைக்கும் மாஸ்டர் வீவரும் கூலி பேசும்போது அந்த நேரத்தையும் நெய்த நேரமாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.