விசிலுக்கு முன்னாடி: ரெஃப்ரி எப்படி வந்தார்?

ஃபுட்பால் மேட்ச்ல யாரைப் பிடிக்காதுன்னு கேட்டா, ரெண்டு டீமும் ஒத்துப்போய்ச் சொல்ற ஒரே பதில் ரெஃப்ரி. அப்போ ரெஃப்ரியே இல்லாம ஆடினா என்ன? ஆடியிருக்காங்க. ஆட்டம் ஆரம்பிச்சதே அப்படித்தான்.

1863. லண்டன்ல ஒரு விடுதியில சில கிளப்காரங்க கூடி ஃபுட்பால் அசோசியேஷனை ஆரம்பிக்கிறாங்க. அந்த டிசம்பர்ல ஒத்துக்கிட்ட விதிகள் மொத்தம் 13. அதுல ஒண்ணுல கூட ரெஃப்ரி கிடையாது. தகராறு வந்தா ரெண்டு கேப்டனும் பேசித் தீர்த்துக்கணும். ஆடினவங்கள்ல நிறைய பேர் வசதியான பள்ளிகள்ல படிச்சவங்க. கனவான் ஏமாத்த மாட்டான் என்பதுதான் அவங்க நம்பிக்கை.

நம்பிக்கை வேற, மேட்ச் வேற. அதனால அடுத்ததா அம்பயர் வந்தார், டீமுக்கு ஒருத்தர். ஆனா ஆளுக்கொரு வக்கீல் வெச்சா வழக்கு எப்படி முடியும்? ரெண்டு அம்பயரும் ஒத்துப்போகலைன்னா கேட்க, மைதானத்துக்கு வெளியில மூணாவதா ஒருத்தரை நிறுத்தினாங்க. யார்கிட்ட ஒரு பிரச்சினையை முடிவுக்கு அனுப்புறோமோ, அவர்தான் ரெஃப்ரி. அந்தச் சொல்லுக்கே அதுதான் அர்த்தம்.

இன்னொரு சுவாரசியம். அப்போ ஃபவுல் ஆனாலும் யாராவது அப்பீல் பண்ணணும், கிரிக்கெட்ல இன்னைக்கும் எல்.பி.டபிள்யூவுக்குக் கேட்கிற மாதிரி. கேட்கலைன்னா தீர்ப்பு இல்லை.

இதையெல்லாம் மாத்தினது பணம். 1885ல சம்பளத்துக்கு ஆடுறது சட்டப்படி சரின்னு ஆச்சு. 1888ல 12 கிளப்போட இங்கிலாந்துல லீக் ஆரம்பிச்சுது. தோத்தா வருமானம் போகும்ங்கிற நிலையில, "நீயே சொல்லுப்பா, ஃபவுலா இல்லையா?"ன்னு எதிராளியைக் கேட்க முடியுமா? 1891ல ரெஃப்ரியை மைதானத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அம்பயர் ரெண்டு பேரும் கோட்டுக்கு வெளியில போய் லைன்ஸ்மேன் ஆனாங்க. பெனால்டி வந்ததும் அதே வருஷம்தான். யோசனை கொடுத்தவர் வில்லியம் மெக்ரம்னு ஒரு அயர்லாந்து கோல்கீப்பர். வேணும்னே ஃபவுல் பண்ணுவோம்னு எங்களைச் சந்தேகப்படுறீங்களான்னு சில கனவான்களுக்குக் கோபமே வந்துது.

மஞ்சள், சிவப்பு கார்டு எல்லாம் ரொம்பப் பின்னாடி. 1966 உலகக் கோப்பையில இங்கிலாந்து, அர்ஜென்டினா கால் இறுதி. ஜெர்மன் ரெஃப்ரி ருடால்ஃப் க்ரைட்லைன், அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை வெளியே போகச் சொல்றார். ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குப் புரியலை. ராட்டின் பல நிமிஷம் போகவே இல்லை. அந்தப் போட்டித் தொடரோட ரெஃப்ரிகளுக்குப் பொறுப்பாளரா இருந்த கென் ஆஸ்டன், இதையெல்லாம் யோசிச்சுக்கிட்டே கார் ஓட்டினப்போ டிராஃபிக் சிக்னலைப் பார்த்தார். மஞ்சள்னா நிதானம், சிவப்புன்னா நில்லு. எந்த மொழிக்காரனுக்கும் புரியும். 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில கார்டு வந்தாச்சு.

சரி, இந்தக் கதை எனக்கு ஏன் முக்கியம்? வாரம் முழுக்க கோட் எழுதிட்டு, ஞாயித்துக்கிழமை காலையில 12 வயசுக்கு உட்பட்ட பசங்களோட டர்ஃப் மேட்ச்சுக்கு நான் விசில் ஊதுறேன். பசங்க பிரச்சினையே இல்லை. ஃபவுல் கொடுத்தா மூஞ்சியைத் தூக்கிட்டு, அடுத்த நிமிஷம் ஓடிடுவாங்க. நெட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற பெரியவங்கதான் விடமாட்டாங்க. ஒரு அப்பா என்கிட்ட நேரடியாவே சொன்னார்: "சார், காசு கட்டித்தான் பையனைச் சேர்த்திருக்கோம்." 1885 ஞாபகம் வந்துது.

சின்னப் பசங்க ஆட்டம் பல இடங்கள்ல இன்னமும் 1891க்கு முந்தின ஏற்பாட்டுலதான் ஓடுது. கோடு பார்க்கிற ஆள் தனியா வர மாட்டார், கிளப்பே ஒரு அப்பாவை நிறுத்தும். 2012 டிசம்பர்ல நெதர்லாந்தின் அல்மேர் நகரத்துல அப்படி நின்ன ஒரு தந்தையை, மேட்ச் முடிஞ்சதும் எதிர் அணிப் பசங்க கீழே தள்ளி உதைச்சாங்க. மறுநாள் அவர் இறந்துட்டார். வயசு 41. மகன் ஆடின மேட்ச்சுக்குச் சம்பளம் இல்லாம கொடி பிடிக்க வந்தவர். அடுத்த வாரக் கடைசியில அந்த நாடு முழுக்க அமெச்சூர் மேட்ச் எதுவும் நடக்கலை. தண்டனை பெற்றவங்கள்ல ஆறு டீனேஜ் பசங்க. ஏழாவது ஆள், அந்த அணியில ஆடின ஒரு பையனோட அப்பா.

இதுல இருந்து என்ன கத்துக்கிட்டோம்? இங்கிலாந்துல 14 வயசுலயே ரெஃப்ரி ஆகலாம். அந்த வயசுப் பையனைப் பார்த்துப் பெரியவங்க கத்துறதை நிறுத்த, 2023ல ஒரு வாரக் கடைசியைக் கைதட்டல் மட்டும்னு அறிவிச்சாங்க. 2024 யூரோ கோப்பையில ரெஃப்ரிகிட்ட விளக்கம் கேட்க கேப்டன் மட்டும் போகலாம்னு வெச்சாங்க. கேப்டன்கிட்ட ஆரம்பிச்ச பேச்சு, 160 வருஷம் கழிச்சு மறுபடி கேப்டன்கிட்டயே வந்திருக்கு. ஆனா முடிவு மட்டும் இப்போ அவங்க கையில இல்லை.

நெட்டுக்கு வெளியில நிக்கிறவங்களுக்கு அந்த 13 விதியிலயும் ஒண்ணும் எழுதலை. அதை நாமதான் எழுதிக்கணும். உங்க தம்பி, அக்கா பையன் யாராவது மேட்ச் ஆடினா போய்ப் பாருங்க, நல்லா கைதட்டுங்க. முடிஞ்சதும் விசில் ஊதினவருக்கு ஒரு பாட்டில் தண்ணி கொடுங்க. ரெண்டு மணி நேரமா ஓடிட்டு இருந்திருப்பார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.