வாயில்லா ஜீவன்களின் பத்தியம்

நோயுற்ற மனிதனுக்கு மருந்தோடு பத்தியமும் வகுத்துக் கொடுப்பது எல்லா நாட்டு வைத்தியர்களுக்கும் தொன்றுதொட்டு வந்த வழக்கமாயிருக்க, அவனுடைய வாசலைக் காத்தும், அவனுடைய களஞ்சியத்தில் எலி பிடித்தும், அவன் காலடியிலேயே மூப்படைந்து மாளும் நாய்க்கும் பூனைக்கும் அந்த நியதியை முறைப்படுத்தி வழங்கலாம் என்ற எண்ணம் உருப்பெற்று இன்னும் நூறாண்டு நிறையவில்லை. அதிலும், ஸ்தூல சரீரத்தாலும் மூட்டு வாதத்தாலும் நடை தளர்ந்த பிராணிகளுக்கு ஆகாரமே பிரதான சிகிச்சை என்பது பரீட்சைகளால் நிரூபணமான வரலாறு மிகச் சமீப காலத்தது. பிராணிகளிடத்தில் அன்புள்ளவர்கள் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு நாய்களின் ஜீவனம் பெரும்பாலும் எஜமானர் உண்டு கழித்த மிச்சத்தை நம்பியே நடந்துவந்தது. அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர், 1860-ஆம் ஆண்டையொட்டி, கோதுமை மாவு, காய்கறி, பீட்ரூட், இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்ட நாய் பிஸ்கோத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதுதான், பிராணிகளுக்கென்றே ஆகாரம் தயாரிக்கும் தொழில் வேரூன்றியது. 1922-இல் அமெரிக்காவில் குதிரை இறைச்சியைத் தகர டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். ஆனால் இவையெல்லாம் ஆரோக்கியமான பிராணியின் பசியை ஆற்ற ஏற்பட்டவையே. இன்ன வியாதிக்கு இன்ன ஆகாரம் என்ற பாகுபாடு அவற்றில் இல்லை.

அந்தப் பாகுபாட்டுக்கு அஸ்திவாரமிட்டவர் மார்க் மாரிஸ் என்ற மிருக வைத்தியர். குதிரைக்கும் மாட்டுக்கும் சிகிச்சை செய்வதே மிருக வைத்தியரின் முக்கியத் தொழிலாக எண்ணப்பட்ட காலத்தில், 1928-இல், நாய் பூனை போன்ற சிறு பிராணிகளுக்கென்று ராரிடன் என்ற பெயரில் ஓர் ஆஸ்பத்திரியை நியூஜெர்ஸி ராஜ்யத்தில் அவர் நிறுவினார். அமெரிக்காவில் கண்ணிழந்தோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கிக் கொடுக்கும் முதல் ஸ்தாபனம் 1929-இல் தோன்றுவதற்குக் காரணஸ்தர்களில் ஒருவரான மாரிஸ் ஃபிராங்க் என்ற கண்ணிழந்தவர், சிறுநீரக வியாதியால் மெலிந்துபோன தம் வழிகாட்டி நாயை 1930-களின் இறுதியில் அவரிடம் அழைத்து வந்தார். புரதத்தையும் உப்பையும் குறைத்து, குறைத்த புரதம் உயர்ந்த தரமுடையதாக இருக்கும்படி பார்த்து, மார்க் மாரிஸும் அவர் மனைவியும் தங்கள் அடுக்களையிலேயே அதற்கு ஆகாரம் சமைத்தார்கள். அதைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து அனுப்ப, ஜாடிகள் வழியில் உடைந்தன. ஆகவே தகர டப்பாக்களை வாங்கிக் கையாலேயே மூடி அனுப்பினார்கள். கோரிக்கைகள் பெருகி, அடுக்களைக்கு அடங்காத அளவு வேலை வளர்ந்தபின், 1948-இல் கான்ஸாஸ் ராஜ்யத்திலுள்ள டொபீகா நகரத்து ஹில் கம்பெனி அதைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது. வைத்தியர் சீட்டெழுதிக் கொடுத்து வாங்கும் பிராணி ஆகாரம் என்னும் மரபு இவ்வாறு நிலைபெற்றது.

இந்த மரபு வளர்ந்த அதே காலத்தில்தான் ஸ்தூல சரீரம் என்ற புதிய வியாதியொன்றும் வளர்ந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததால் உலர்ந்த தீனி பெருகிற்று. 1950-களில் அதை இயந்திரத்தில் அழுத்திப் பொரித்துக் கொழுப்புப் பூசி ருசியாக்கும் முறை வந்து, வட்டிலில் நாள் முழுதும் தீனி நிறைந்திருப்பது பல வீடுகளில் சகஜமாயிற்று. 1947-இல் மிஷிகனைச் சேர்ந்த எட் லோ என்பவர் பூனையின் மலஜலத்துக்கான களிமண் துகளை விற்கத் தொடங்கியபின், வெளியில் திரிந்து எலி வேட்டையாடிய பூனை நாற்சுவருக்குள்ளேயே ஆயுளைக் கழிப்பது எளிதாயிற்று. கருத்தடை செய்த பிராணிக்கு ஆகாரத் தேவை குறைகிறது என்பதையும் எஜமானர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. பிரிட்டனில் ஆயிரம் நாய்களைப் பரிசோதித்து 1970-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று, அவற்றில் 28 சதவிகிதம் ஸ்தூல சரீரமுடையவை என்று கண்டது.

உடல் பருத்த பிராணிக்கு வழக்கமான தீனியையே பாதியாகக் குறைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அப்படிக் குறைத்தால் கொழுப்போடு புரதமும் உயிர்ச்சத்துக்களும் பாதியாகிவிடும். பிராணி மெலிவதோடு பலவீனமும் அடையும். ஆகவேதான் நார்ச்சத்தை மிகுத்து, கொழுப்பைத் தாழ்த்தி, தசை கரையாதபடி புரதத்தை உயர்த்திய விசேஷ ஆகாரங்கள் தோன்றின. அளவை நிர்ணயிப்பதற்கு, மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி 1932-இல் வகுத்த விதி உதவிற்று: ஆகாரத் தேவை எடைக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை, நான்கு மடங்கு எடையுள்ள நாய்க்கு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகாரமே வேண்டும். பூனை விஷயத்திலோ இன்னும் அதிக ஜாக்கிரதை தேவை. பருத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் எடை குறையாமல் பார்த்துக்கொள்வதே முறை.

உணவின் அளவுக்கும் மூட்டின் கதிக்கும் உள்ள சம்பந்தத்தை ஐயமற நிலைநாட்டியது, 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பிராணி ஆகாரம் தயாரிக்கும் பியூரினா கம்பெனி ஆரம்பித்து, பதினான்கு ஆண்டுக் காலம் இடைவிடாது நடத்திய பரீட்சையாகும். 48 லாப்ரடார் குட்டிகளைத் தேர்ந்தெடுத்து, உடன்பிறந்தவற்றை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, எட்டு வார வயது முதல் ஒன்று உண்ட அளவில் முக்கால் பங்கை மட்டும் மற்றொன்றுக்கு இட்டார்கள். இரண்டுக்கும் தீனி ஒன்றே. அளவு மாத்திரமே வேறு. 2002-இல் வெளியான முடிவின்படி, மிகுதியாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாக உண்டவற்றுக்கு அது 13 ஆண்டு. முந்தியவற்றில் பாதிக்கு மூட்டு வாத சிகிச்சை தேவைப்பட்ட வயது 10.3 ஆக இருக்க, பிந்தியவற்றுக்கு அது 13.3 வரை தள்ளிப்போயிற்று. மருந்தேதுமின்றி, விசேஷ சத்தெதுவும் சேர்க்காமல், கால் பங்கு தீனியைக் குறைத்ததனால் மட்டும் வலியற்ற மூன்று ஆண்டுகள் கிடைத்தன என்பதை நினைக்குந்தோறும், இதைக் காட்டிலும் மலிவான வைத்தியம் உலகில் உண்டா என்று வியக்கத் தோன்றுகிறது.

மூட்டின் வருத்தத்துக்குப் பாரம் ஒன்றே காரணம் என்று முன்பு எண்ணினார்கள். கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சேமிப்பன்று, ரத்தத்தில் பல ரசங்களைச் சுரந்து அழற்சியைத் தூண்டவல்ல உறுப்பு என்ற உண்மை, 1994-இல் அத்திசு சுரக்கும் லெப்டின் என்ற ரசம் கண்டுபிடிக்கப்பட்டபின் படிப்படியாகத் தெளிவாயிற்று. மற்றொரு பக்கம், கிரீன்லாந்து எஸ்கிமோக்களின் மீன் ஆகாரத்தை டென்மார்க் வைத்தியர்களான பாங்கும் டியர்பெர்க்கும் 1970-களில் ஆராய்ந்ததிலிருந்து மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பு பிரசித்தமாயிற்று; இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நாய்களுக்கான மூட்டுப் பத்தியத்திலும் இடம் பெற்று, பரீட்சைகளில் நற்பயனும் தந்தது. எனினும் எடைக் குறைப்பே தலையாயது: பருத்த நாய் தன் எடையில் 6 சதவிகிதத்தை இழந்த அளவிலேயே நொண்டல் தணியக் காணப்பட்டதென்று 2010-இல் வெளியான ஆராய்ச்சி தெரிவிக்கிறது.

பூனையின் துன்பமோ நெடுங்காலம் கவனிக்கப்படாமலே இருந்தது. பன்னிரண்டு வயதைக் கடந்த நூறு பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டபோது, 90 சதவிகிதத்தில் மூட்டுத் தேய்வின் அடையாளங்கள் தென்பட்டன. நாயைப்போல் நொண்டிக் காட்டாமல், அலமாரிமேல் தாவுவதை நிறுத்திவிட்டு மூலையில் முடங்கும் சுபாவமுடைய பிராணியாதலால், அதன் வேதனையை எஜமானர்கள் முதுமையின் சாந்தம் என்று எண்ணிவிட்டார்கள். ஸ்தூலமான பூனைகள் நொண்டலுக்காக வைத்தியரை நாட வேண்டிய சந்தர்ப்பம் சரியான எடையுள்ளவற்றைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் என்று 1998-இலேயே அமெரிக்க ஆராய்ச்சியொன்று எச்சரித்திருந்தது.

ஆகாரத்தைக் குறைக்காமல் மருந்தால் சாதிக்கலாமே என்றால், நாயின் எடையைக் குறைக்கும் மருந்தொன்றுக்கு அமெரிக்க அரசாங்கம் 2007-இல் அனுமதி அளித்தது, அது நிலைக்கவில்லை. லாப்ரடார் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியை அடங்கவிடாத பரம்பரைக் குறையொன்று உண்டு என்று கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் கண்டார்கள். ஆகவே அதன் ஓயாத பசியைப் பேராசை என்று பழிப்பதும் நியாயமன்று, அது கெஞ்சும்போதெல்லாம் இடுவது தர்மமும் அன்று. தாமாக அலமாரியைத் திறந்து உண்ணும் சக்தி வீட்டுப் பிராணிகளுக்கு இல்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் பொறுப்பு நம்முடையதே. வாசகர்கள் தங்கள் வீட்டுப் பிராணியின் விலாவை விரல்களால் தடவிப் பார்க்க வேண்டும். அழுத்தாமலே எலும்புகள் தட்டுப்பட்டால் நல்லது, தேட வேண்டியிருந்தால் மிருக வைத்தியரைக் கலந்து இன்றே அளவைக் குறைக்கத் தொடங்க வேண்டும்.