வட்டவடையின் பொதுக் கதவுகள் – 6: காய்கறி லாரியில் போன அபிமன்யு

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறி, பாம்பாடும் சோலைக் காட்டைக் கடந்தால்தான் வட்டவடை. சுமார் 45 கி.மீ. இடுக்கி மாவட்டத்து ஊர்தான், ஆனால் வீட்டுப் பேச்சு தமிழ். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும் கேரட்டும் முட்டைக்கோஸும் விளைகின்றன. அவை லாரியேறிச் சமவெளிக்குப் போகும். பஸ் கிடைக்காதவர்களும் சமயத்தில் அதே லாரியில் தொற்றிக்கொள்வதுண்டு.

2018 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. அப்படியொரு காய்கறி லாரியில் எர்ணாகுளம் புறப்பட்டார் அபிமன்யு. வயது 20. மகாராஜாஸ் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் மாணவர், இந்திய மாணவர் சங்கத்தில் முன்னணியில் நின்றவர். பெற்றோர் கூலி விவசாயிகள், வீடு ஒற்றை அறை. மறுநாள் கல்லூரிக்குப் புதுமுக மாணவர்கள் வருகிறார்கள், அவர்களை வரவேற்கச் சுவர் எழுத வேண்டும் என்பதால்தான் அந்த அவசரம்.

சுவர் எழுதுவதில் மூண்ட தகராறு அன்றிரவே முற்றியது. நள்ளிரவு தாண்டியதும் கல்லூரி வாசலருகே கத்திக்குத்து. அபிமன்யு இறந்தார். மலையிறங்கிய மறுநாளே அவர் உடல் ஊர் திரும்பியது.

ஊரில் ஒரு நூலகம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை ஊரும் தோழர்களும் கையிலெடுத்தார்கள். புத்தகம் கேட்டு வேண்டுகோள் போனது. கேரளத்தின் பல மூலைகளிலிருந்தும் புத்தகங்கள் வந்து குவிந்தன. காய்கறி இறங்கும் அதே பாதையில் புத்தகக் கட்டுகள் மலையேறின. 2019-இல் நூலகம் திறக்கப்பட்டது. பெயர் 'அபிமன்யு மகாராஜாஸ்'. பையன் பெயரும் அவன் படித்த கல்லூரியின் பெயரும் ஒன்றாக.

இந்த முடிவை நான் மனதார மதிக்கிறேன். சிலை வைத்திருந்தால் ஆண்டுக்கொரு மாலையோடு கடமை முடிந்திருக்கும். நூலகம் அப்படியல்ல, அதற்குத் தினமும் ஆள் வர வேண்டும். தோட்ட வேலை முடித்தவரும் பள்ளிவிட்ட பிள்ளையும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். யாரும் யாரையும் எழுப்பிவிடக் கூடாது. ஓர் அறை ஊருக்குப் பொதுவாவது அப்போதுதான்.

யாரும் எழுப்பிவிடாமல் உட்காரும் அந்த உரிமை வட்டவடையில் எல்லா இடத்திலும் இருந்ததா?

நூலகம் திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2020 செப்டம்பரில் வட்டவடை கிராமப் பஞ்சாயத்து இன்னொரு கதவைத் திறந்தது. இம்முறை புத்தகமில்லை, நாற்காலி, கண்ணாடி, கத்திரிக்கோல். பஞ்சாயத்தே நடத்தும் முடிதிருத்தகம்!

ஊரில் முடிவெட்ட ஆளில்லாமலா அதைத் திறந்தார்கள்? இல்லை. ஆள் இருந்தார், கடையும் இருந்தது. ஆனால் அந்த நாற்காலியில் ஊரின் ஒரு சாரார் உட்காரக் கூடாது என்பது தலைமுறை தலைமுறையாக நீடித்த கட்டுப்பாடு.

அவர்கள் யார், அதை உடைத்தது எப்படி?

அடுத்த வாரம்.