பந்தயத்தின் அளவும் நடுவரின் தீர்ப்பும்: அமெரிக்க பேஸ்பாலில் நடுவர் நேர்மை

2025 பிப்ரவரியில் மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம் பாட் ஹோபெர்க் என்னும் நடுவரைப் பணிநீக்கம் செய்ததை அறிவித்தது. 2022 உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், மட்டையாளர்கள் அடிக்காமல் விட்ட 129 பந்துகளுக்கும் பிழையின்றித் தீர்ப்பளித்தவர் என்று அம்பயர் ஸ்கோர்கார்ட்ஸ் தளத்தால் மதிப்பிடப்பட்டவர் அவர். நண்பர் ஒருவரோடு பந்தயக் கணக்கைப் பகிர்ந்துகொண்டார் என்பதும், விசாரணைக்கு வேண்டிய குறுஞ்செய்திகளை அழித்தார் என்பதும் அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள். அந்த நண்பர் 2021 முதல் 2023 வரை பேஸ்பால் ஆட்டங்கள்மீது 141 பந்தயங்களில் ஏறத்தாழ 2,14,000 டாலர் கட்டியிருந்தார். ஹோபெர்க் தாமே பேஸ்பால்மீது பந்தயம் கட்டியதற்கோ, எந்த ஆட்டத்தின் போக்கையும் திரித்ததற்கோ சான்று இல்லை என்பதை லீக்கே ஒப்புக்கொண்டது. ஒரு தவறான தீர்ப்புகூட நிரூபிக்கப்படாத நிலையில் நடுவரை நீக்குவது முறையா? முறைதான் என்பதும், ஆனால் நடுவர் நேர்மையைக் காக்க அது மட்டும் போதாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் நடுவர், அடிக்கப்படாத ஒவ்வொரு பந்தும் எல்லைக்குள் வந்த ‘ஸ்ட்ரைக்’கா எல்லைக்கு வெளியே சென்ற ‘பால்’ஆ என்பதை நொடிப்பொழுதில் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரைக் எல்லையின் விளிம்பை உரசிச் செல்லும் பந்தில் தேர்ந்த நடுவரும் தவறுவதுண்டு. கண் செய்த பிழையும் காசு செய்த பிழையும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. எந்தக் கேமராவும் பந்தின் பாதையைக் காட்டுமே தவிர நடுவரின் நோக்கத்தைக் காட்டாது. குற்றம் நடந்தபின் நிரூபிப்பது இவ்வளவு அரிதாக இருப்பதால், சூதாட்டத் தொடர்பையே முன்கூட்டித் தடுப்பது தவிர வேறு வழியில்லை. சூதாட்டத்தைத் தடைசெய்யும் லீக்கின் 21ஆம் விதி நடுவர்களையும் வீரர்களோடு சேர்த்தே கட்டுப்படுத்துவதன் அடிப்படை இதுதான்.

நடுவர் காசுக்கு விலைபோவார் என்ற அச்சம் புதிதன்று. 1882இல் ரிச்சர்ட் ஹைம் என்ற நடுவர், சூதாடியோடு கூட்டுச் சேர்ந்ததாக முடிவு செய்யப்பட்டு நேஷனல் லீக்கிலிருந்து விலக்கப்பட்டார். டெட்ராய்ட் அணியின் உரிமையாளர் வில்லியம் தாம்ப்சன் தனியார் துப்பறிவாளரை அமர்த்தியே அவரைப் பிடித்தார். பின்னர் 1919 உலகத் தொடர் ஊழலும், அதையொட்டி எட்டு சிகாகோ வீரர்கள் வாழ்நாள் தடை பெற்றதும் எல்லோருடைய கவனத்தையும் வீரர்கள் பக்கம் திருப்பின. அக்காலத்துச் சூதாடிகளின் பணம் பெரும்பாலும் ஆட்டத்தின் வெற்றி தோல்வியைச் சார்ந்திருந்தது. ஒன்பது இன்னிங்ஸின் முடிவை ஒரே நடுவர் மாற்றுவது கடினம். முயன்றால் பலர் கண்ணில் படும்.

இன்று அந்தக் காப்பு இல்லை. விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கவிடாமல் தடுத்த 1992ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தை 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அதே ஆண்டில் லீக் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் என்னும் சூதாட்ட விடுதி நிறுவனத்தோடு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்பின் பெருகிய கைப்பேசிச் செயலிகளில் அடுத்த பந்து ‘பால்’ஆ, அதன் வேகம் என்ன என்பதற்கெல்லாம் பந்தயம் கட்டலாம். கிளீவ்லாந்து பந்துவீச்சாளர்கள் இம்மானுவேல் கிளாசே, லூயிஸ் ஓர்டிஸ் இருவரும் குறிப்பிட்ட பந்துகளைச் சூதாடிகளுக்குச் சாதகமாகத் திட்டமிட்டு வீசினார்கள் என்று 2025 நவம்பரில் அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினர். இருவரும் அதை மறுத்தனர். வழக்கின் முடிவு எதுவாயினும் பந்தய அமைப்பின் ஓட்டை அதில் தெளிவாகத் தெரிகிறது. பந்தயத்தின் அலகு ஒரு பந்தாகச் சுருங்கும்போது, நடுவரின் ஒற்றைத் தீர்ப்பே பந்தயத்தின் முடிவாகிவிடுகிறது. ஆட்டத்தின் முடிவைத் தொடாமலேயே அவரால் ஒருவருக்குப் பணம் ஈட்டித்தர முடியும்.

சட்டபூர்வமான பந்தயமே முறைகேட்டை வெளிக்கொணர்கிறது என்பர் இதை ஆதரிப்போர். அதில் உண்மை உண்டு. ஹோபெர்க் விவகாரத்தை லீக்குக்குத் தெரிவித்ததே ஒரு பந்தய நிறுவனம்தான். ஆனால் கண்டுபிடிக்கும் திறன் வளர்வதைக் காட்டி, தவறு செய்யும் வாய்ப்பைப் பெருக்குவதை நியாயப்படுத்த முடியாது. 2025 நவம்பரில் பந்துவாரிப் பந்தயத்துக்கு 200 டாலர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அது ஆதாயத்தைக் குறைக்கும், வழியை அடைக்காது. பலர் சேர்ந்து கட்டினால் தொகை மறுபடி பெருகும். 2026 பருவத்திற்கென ஏற்கப்பட்ட தானியங்கி ஸ்ட்ரைக் முறையும் முழுத் தீர்வாகாது. நடுவரின் தீர்ப்பை எதிர்த்து அம்முறையிடம் செய்யத்தக்க இரண்டு முறையீடுகளுடன் ஓர் அணி ஆட்டத்தைத் தொடங்கும். தோற்ற முறையீடு மட்டுமே கழியும். முறையீடு செய்யப்படாத பந்துகள் அனைத்திலும் நடுவரின் சொல்லே இறுதியானது.

எனவே லீக் செய்ய வேண்டியவை மூன்று: ஒற்றைப் பந்தின்மீதான பந்தயத்தைத் தன் பங்காளி நிறுவனங்கள் அறவே கைவிடச் செய்ய வேண்டும், நடுவர்களின் பந்தயத் தொடர்புகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும், பந்தய நிறுவனங்களிடம் வருவாய் பெறும் லீக்கே விசாரணையாளராகவும் இருக்கும் நிலையை மாற்றி, அப்பொறுப்பைத் தற்சார்புள்ள அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். ஹோபெர்க்கின் பணிநீக்கம் நியாயமானது. நடுவரின் ஒவ்வொரு தீர்ப்பையும் பந்தயச் சரக்காக விற்க இசைந்துகொண்டே அவரிடம் மட்டும் மாசற்ற நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமன்று.