ஆவி, நஞ்சு, நரம்பு: வயிற்றுக்கும் தலைவலிக்குமான தொடர்பு குறித்த ஐரோப்பிய மருத்துவ விளக்கங்கள்

மலச்சிக்கல் உள்ள நாளில் தலை கனப்பதும், குடல் கழிந்தவுடன் அது தணிவதும் மருத்துவம் பயிலாதவரும் அறிந்த அனுபவம். காலந்தோறும் மாறிவந்தது அதற்குக் கூறப்பட்ட காரணமே. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலென், இரைப்பையிலிருந்து எழும் ஆவியும் பித்தமும் தலையைத் தாக்குவதாகக் கருதினார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில், குமட்டலுடன் வரும் தலைவலிக்கு உணவு ஒழுங்கின்மையைக் காரணமாக்கினார். வெண்ணெயையும் கொழுப்பு மிக்க இறைச்சியையும் குறிப்பாகக் குற்றம் சாட்டினார். 1873இல் எட்வர்டு லிவீங் இத்திசையையே மாற்றினார். குமட்டலும் வாந்தியும் ஒற்றைத் தலைவலியின் காரணங்கள் அல்ல. நரம்பு மண்டலத்தில் எழும் ஒரே புயலின் கூறுகள் என்பது அவர் முடிபு.

எனினும் அடுத்த அரை நூற்றாண்டை ஆண்டது லிவீங்கின் கருத்தன்று. நுண்ணுயிரியல் செழித்த சூழலில், பாரிசின் சார்ல் பூஷார் 1887இல் வெளியிட்ட விரிவுரைகள் தன்நஞ்சேற்றக் கோட்பாட்டுக்கு வலுவூட்டின. குடலில் தேங்கும் கழிவை நுண்ணுயிர்கள் அழுகச் செய்கின்றன. அந்நஞ்சு குருதியில் கலந்து தலைவலி, சோர்வு, மனத்தளர்ச்சி ஆகியவற்றை விளைவிக்கிறது என்பதே அதன் சாரம். காலெனின் ஆவி ஆய்வுக்கூட உடை அணிந்து திரும்பியதாகவே இதனைக் கொள்ள வேண்டும். கோட்பாடு ஏட்டளவில் நிற்கவில்லை. இலண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், குடல் தேக்கம் உடையோரின் பெருங்குடலை வெட்டி நீக்கினார். இத்தகைய அறுவையால் இறந்தோரும் உண்டு. நிறுவப்படாத ஒரு நஞ்சுக்காக உறுப்பு ஒன்று பலியானது.

மறுப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1919இல் வால்டர் அல்வாரெஸ் எழுப்பிய வினா எளியது: குருதியில் நஞ்சு கலந்திருப்பின், மலம் கழிந்த சில நிமிடங்களில் தலைவலி நீங்குவது எங்ஙனம்? நஞ்சு அவ்வளவு விரைவில் வெளியேறாது. ஆகவே நிறைந்து விரிந்த மலக்குடலின் நரம்புத் தூண்டலே காரணமாதல் வேண்டும் என்றார். 1922இல் டொனால்ட்சன் இதனைச் சோதித்தார். தன்னார்வலர்களின் மலக்குடலில் பஞ்சை நிரப்பியபோது தலைவலி உள்ளிட்ட அதே அறிகுறிகள் தோன்றின. பஞ்சை நீக்கியதும் தணிந்தன. பஞ்சில் நஞ்சு ஏது? இங்கு ஒன்றைக் கவனித்தல் தகும். அல்வாரெஸ் வயிற்றுக்கும் தலைக்குமான தொடர்பை மறுக்கவில்லை; நோயாளியின் கூற்றை ஏற்று, மருத்துவரின் விளக்கத்தை மட்டுமே மறுத்தார். 'நச்சு நீக்கம்' என்ற பெயரில் இன்று விற்பனையாகும் குடல் கழுவல் முறைகள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

லிவீங்கின் திசை பின்னர் மருந்தியல் வழியே மீண்டது. ஒற்றைத் தலைவலித் தாக்குதலின்போது ஆஸ்பிரின் உடலில் உறிஞ்சப்படும் வேகம் குறைவதை 1974இல் வோலன்ஸ் காட்டினார். இரைப்பை தன் உள்ளடக்கத்தைக் குடலுக்குத் தள்ளுவதில் ஏற்படும் தாமதம் இதற்குரிய விளக்கமாயிற்று. இங்கு வயிறு தலையைத் தாக்கவில்லை. தலையின் நோய் வயிற்றை முடக்குகிறது. வலி நீக்கியுடன், குமட்டலை அடக்கி இரைப்பை இயக்கத்தைத் தூண்டும் மெட்டோகுளோப்ரமைடைச் சேர்த்துத் தருவதன் அடிப்படை இதுவே.