கோடு அப்படியே, குடிகள் வேறு

அமெரிக்காவில் ஒரு தொகுதியின் முடிவைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே முதல் குற்றச்சாட்டு எல்லை வரைந்தவர்கள் மீதுதான் விழும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும், மாநிலச் சட்டமன்றத்தைக் கையில் வைத்திருக்கும் கட்சி தனக்கு வசதியாகக் கோடு போட்டுக்கொள்வது அங்கே பழைய வழக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வர்ஜீனியா மாநிலத்தின் வடக்குப் புறநகர்களில் எழுபது ஆண்டுகளாக நடந்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கோட்டைவிட வலுவான ஒன்று தென்படுகிறது. அந்த மண்ணில் யார், எப்போது, எந்த வேலைக்காகக் குடிவந்தார்கள் என்பதே அது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வர்ஜீனியா அரசியல் ஹாரி பர்ட் என்ற ஒற்றை மனிதரின் பிடியில் இருந்தது. ஓட்டுப் போட ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி கட்ட வேண்டும். மூன்று ஆண்டு பாக்கி இருந்தால் அதையும் தீர்க்க வேண்டும். ஏழைகளும் கறுப்பின மக்களும் வாக்குச்சாவடிப் பக்கம் வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. 1966இல் உச்ச நீதிமன்றம் அந்த வரியை ஒழித்தது, ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியைச் சேர்ந்த அன்னி ஹார்ப்பர் என்ற கறுப்பினப் பெண்ணின் வழக்கில். இந்தப் பழைய வர்ஜீனியாவின் வட ஓரத்தில், வாஷிங்டன் அலுவலகங்களுக்குப் போய்வரும் அரசு ஊழியர்களால் ஆர்லிங்டன் நிரம்பியது. அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த குடும்பங்களில் ஒன்று பிராய்ஹில் குடும்பம். அதன் மகன் ஜோயல் பிராய்ஹில் 1952இல் புதிய 10ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சிக்காக வென்று 22 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். இனம் கலந்த பள்ளிகளை எதிர்த்துத் தென் மாநிலத்தார் 1956இல் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டவர் அவர். அரசு ஊழியர்களின் குறைகளைத் தீர்ப்பதில் பேர் வாங்கியவரும் அவரே. 1974இல் அந்தத் தொகுதியே அவரைத் தோற்கடித்தது. அவர் குடும்பம் கட்டிய வீடுகளுக்கு நடுவே வேறொரு சமூகம் வளர்ந்துவிட்டிருந்தது.

அவரை வென்ற ஜனநாயகக் கட்சியின் ஜோசப் ஃபிஷர் 1980இல் குடியரசுக் கட்சியின் ஃபிராங்க் வுல்ஃபிடம் தோற்றார். அதற்குப் பிறகு 34 ஆண்டுகள் வுல்ஃபின் காலம். அந்தக் காலத்தில்தான் பெரிய குடியேற்றம் மேற்கே நகர்ந்தது. 1962இல் டல்லஸ் விமான நிலையம் திறக்கப்பட்டபோது அதைச் சுற்றி இருந்தவை பண்ணை நிலங்கள். பிறகு இணைய நிறுவனங்களும், அவற்றைத் தொடர்ந்து ஜன்னல் இல்லாத பெரும் பெட்டிகளைப் போன்ற தரவு மையங்களும் வந்தன. அந்தப் பகுதியில் உள்ள லவுடன் கவுண்டியின் மக்கள்தொகை 1990இல் சுமார் 86,000; 2020இல் 4,20,000. இன்று அங்கே ஐந்தில் ஒருவர் ஆசிய வம்சாவளியினர். நம் ஊரிலிருந்து போன கணினிப் பொறியாளர்களும் அவர்களில் உண்டு.

கோட்டுக்கும் குடிக்கும் இடையே யார் வலியர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை: 2012இல் குடியரசுக் கட்சியினர் 10ஆம் தொகுதியை வுல்ஃபுக்குப் பாதுகாப்பாக வரைந்தார்கள். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அக்கட்சியின் ராம்னி அங்கே ஒரு சதவீதப் புள்ளி முன்னிலை பெற்றார். வுல்ஃப் ஓய்வு பெற்றபின் 2014இல் அவர் கட்சியின் பார்பரா காம்ஸ்டாக் 16 புள்ளிகளில் வென்றார். 2016இல் 6 புள்ளிகளில். 2018இல் ஜனநாயகக் கட்சியின் ஜெனிஃபர் வெக்ஸ்டன் அவரை 12 புள்ளிகளில் தோற்கடித்தார். இத்தனைக்கும் கோடு ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

இது டிரம்ப் மீதான கோபம் மட்டுமே என்று வாதிடுவோர் உண்டு. 2018இன் வேகத்துக்கு அந்தக் கோபம் காரணம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் 2004இல் புஷ்ஷுக்கு வாக்களித்த லவுடன், 2008இலேயே ஒபாமா பக்கம் திரும்பிவிட்டது. டிரம்ப் அரசியலுக்கு வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு நடந்தது இது. ரிச்மண்ட் நகரைச் சுற்றிய 7ஆம் தொகுதியிலும் இதே பாடம்தான். அதில் பத்துக் கவுண்டிகள். 2018இல் ஜனநாயகக் கட்சியின் அபிகேல் ஸ்பான்பெர்கர் வென்றவை புறநகர்க் கவுண்டிகளான ஹென்ரிகோவும் செஸ்டர்ஃபீல்டும் மட்டுமே. மற்ற எட்டும் அப்போதைய உறுப்பினரான குடியரசுக் கட்சியின் டேவ் பிராட் பக்கம். ஆனாலும் சுமார் 6,800 வாக்குகளில் ஸ்பான்பெர்கர் ஜெயித்தார். போகிற இடமெல்லாம் பெண்கள் தன்னை விடாமல் கேள்வி கேட்கிறார்கள் என்று பிராட் அதற்கு முந்தைய ஆண்டில் சலித்துக்கொண்டிருந்தார். அவருடைய தோல்வியின் சேதி அந்தக் கேள்விகளிலேயே இருந்தது.

இன்னொரு மறுப்பு கனமானது. குடியேற்றமே முடிவைத் தீர்மானிக்கிறது என்றால், புறநகர் பின்னோக்கியும் சாய்வது ஏன்? 2021 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் யங்கின் மாநிலத்தை வென்றார். லவுடனில் பள்ளிகளைப் பற்றிய சச்சரவு அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. 2020இல் அந்தக் கவுண்டியில் 61 சதவீதத்தைத் தாண்டிய ஜனநாயகக் கட்சியின் பங்கு, 2024 அதிபர் தேர்தலில் 56 அளவுக்கு இறங்கியது. இந்த உண்மைகள் என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை, திருத்துகின்றன. குடிவந்தவர்கள் கட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரவில்லை. ரயில், பள்ளி, வீட்டு விலை, அரசு வேலை எனத் தங்கள் அன்றாடத்தை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால்தான் வுல்ஃபும் அத்தனை காலம் நீடித்தார், காம்ஸ்டாக்கும் அவ்வளவு சீக்கிரம் போனார்.

2021 இறுதியில் நீதிமன்றமே புதிய கோடுகளைப் போட்டது. உடல்நலக் குறைவால் வெக்ஸ்டன் விலக, 2024இல் 10ஆம் தொகுதியில் வென்றவர் அவர் கட்சியின் சுஹாஸ் சுப்பிரமணியம். வர்ஜீனியாவிலிருந்து காங்கிரஸுக்குப் போன முதல் இந்திய வம்சாவளியினர் அவர். வித்தியாசம் 5 புள்ளிகளுக்கும் குறைவு. வுல்ஃப் ஒருவரே 34 ஆண்டுகள் இருந்த இடத்துக்கு, அவர் போன பத்தே ஆண்டில் வந்த மூன்றாவது உறுப்பினர் அவர்.