துவக்கு அலுமாரியில், ரவை வெளியில்: சுவிஸ் சட்டமும் எமது குடும்பங்களும்

சுவிஸ் குடியுரிமை பெற்ற எமது பிள்ளைகள் இராணுவப் பயிற்சிக்குப் போய், துவக்கோடு வீடு திரும்புகிறார்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்த பெற்றோருக்கு இது இலேசான காட்சியல்ல. "இதை வீட்டில்தான் வைத்திருக்க வேணுமா?" என்று தாய்மார் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகச் சட்டம் சொல்வதையும் அது வந்த வழியையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சுவிஸ் ஆண்களுக்கு இராணுவ சேவை கட்டாயம். பயிற்சிகளுக்கு இடைப்பட்ட காலத்தில் சிப்பாய் தன் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது நீண்டகால வழக்கம். முன்னர் முத்திரையிட்ட பெட்டியில் 50 ரவைகளும் கொடுக்கப்பட்டன. எதிரி திடீரெனப் புகுந்தால், சிப்பாய் வீட்டிலிருந்தே சண்டையிட்டபடி தன் அணியைச் சென்றடைய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

எதிரி வரவில்லை. ஆனால் 2006 ஏப்ரலில் பனிச்சறுக்கு வீராங்கனை கொரின் ரே-பெலே, இராணுவ அதிகாரியான தன் கணவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டிலுள்ள ஆயுதம் யார் பக்கம் திரும்புகிறது என்ற விவாதம் வலுத்தது. 2007இல் அந்த ரவைப் பெட்டிகளை மீளப்பெற முடிவாகியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாமே திரும்பிவிட்டன. துப்பாக்கி மட்டும் வீட்டில் தங்கியது. அதையும் இராணுவக் களஞ்சியத்துக்கு அனுப்பக் கோரிய யோசனையை 2011 பெப்ரவரி 13 வாக்கெடுப்பில் 56.3 வீதமானோர் நிராகரித்தனர்.

ரவையைப் பிரித்தால் மட்டும் போதாது, கணக்கும் சரியாக இருக்க வேண்டும். 2007 நவம்பரில் சூரிச்சில் பஸ்ஸுக்குக் காத்திருந்த 16 வயதுச் சிறுமியை, பயிற்சி முடித்து வந்த இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவன் பயன்படுத்தியது இராணுவத்திலிருந்து திருடிய ரவை.

எனினும் சுவிஸில் துப்பாக்கி பறிக்கும் உயிர்களில் பெரும்பாலானவை கொலைகளால் அல்ல, தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதால் போகின்றன. 2003ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் படையினர் தொகை ஏறத்தாழப் பாதியானது. வீடுகளில் துப்பாக்கிகளும் குறைந்தன. அதன்பின் 18 முதல் 43 வயது வரையான ஆண்களிடையே உயிர்மாய்ப்பு குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் குறைவில் ஏறத்தாழ 22 வீதம் மட்டுமே வேறு வழிகளால் ஈடானது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தபோதும் இதையே கண்டோம்: 1995 முதல் பத்தாண்டுகளில் உயிர்மாய்ப்பு விகிதம் பாதியானது. மனம் உடையும் அந்தச் சில நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

எமது குடும்பங்கள் அறிய வேண்டியவை:

இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர், நிரந்தர வதிவிட அனுமதி இருந்தாலும், ஆயுதமோ ரவையோ வாங்கவும் வைத்திருக்கவும் சட்டம் தடைசெய்கிறது. விசேட விதிவிலக்கை மாநில அதிகாரிகளே வழங்கலாம். எனவே மகனின் துப்பாக்கி தகப்பனின் கைக்கு எட்டக்கூடாது.

ஆயுதத்தை மற்றவர் எடுக்க முடியாதபடி வைப்பது உரியவரின் பொறுப்பு. கொண்டுசெல்லும்போது துப்பாக்கியும் ரவையும் வேறுவேறாக இருக்க வேண்டும். சூட்டுப் பயிற்சிக்கென மலிவு விலையில் தரப்படும் ரவைகளைப் பயிற்சித் திடலிலேயே சுட்டு முடிக்க வேண்டும்.

தாய்மாரின் கேள்விக்குப் பதில்: கட்டாயமில்லை. 2010 முதல் சிப்பாய் விரும்பினால் தன் துப்பாக்கியை இராணுவக் களஞ்சியத்தில் இலவசமாக ஒப்படைக்கலாம். போரின் காயம் ஆறாத ஒருவரோ, மனச்சோர்வோடு இருக்கும் ஒருவரோ வீட்டில் இருந்தால் அப்படிச் செய்வதே நல்லது என்பேன். மகனிடம் இதைக் கேட்பது அவன் சேவையைக் குறைத்துப் பேசுவதாகாது. மனம் தாங்காத வேளையில் சுவிஸில் 143, இலங்கையில் 1926 என்ற இலக்கங்களை அழைக்கலாம்.